கொடுப்பதா, விற்பதா, கடனாகத் தருவதா? நட்பு நாட்டுக்கு ஆயுதம் தரும் வழிகள்: ஓர் ஒப்பீடு

2023 ஜனவரி 25 அன்று உக்ரைனுக்கு 31 ஆப்ராம்ஸ் டாங்கிகள் தரப்போவதாக அமெரிக்கா அறிவித்தது. எம்1ஏ2 என்ற புதிய ரகத்தை ஒப்பந்தம் போட்டு வாங்கி அனுப்புவது என்பதுதான் முதல் திட்டம். ஆலையிலிருந்து வந்து சேர வெகுகாலம் பிடிக்கும் என்று தெரிந்ததும் மார்ச் 21 அன்று திட்டத்தை மாற்றினார்கள். கையிருப்பில் இருந்த பழைய எம்1ஏ1 டாங்கிகளைப் புதுப்பித்து அனுப்புவதென்று முடிவானது. செப்டம்பர் கடைசியில் முதல் டாங்கிகள் உக்ரைன் மண்ணில் இறங்கின. பெறும் நாடும் மாறவில்லை, எண்ணிக்கையும் மாறவில்லை. தரும் வழி மாறியதால் ரகம் மாறியது, வந்து சேர்ந்த காலம் மாறியது.

செய்தித்தாளில் "ராணுவ உதவி" என்று ஒரே சொல்லில் அடங்கிவிடுவது உள்ளே குறைந்தது ஆறு வழிகளாகப் பிரிகிறது. சொந்தக் கிடங்கைத் திறந்துவிடுவது, பணத்தை மானியமாகக் கொடுத்து வாங்கச் சொல்வது, ஓய்வுபெற்ற கப்பலையோ வண்டியையோ கொடுப்பது, கடன் தருவது, காசுக்கு விற்பது, சொந்தப் படையையே கொண்டுபோய் நிறுத்துவது. எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைவிட எந்த வழியில் கொடுத்தார்கள் என்பதே அந்த உதவி பலன் தந்ததா இல்லையா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது. அமெரிக்காவின் அனுபவம் இதில் மிக நீண்டது, ஆவணங்களும் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. அதனால் அதையே முதன்மையாக எடுத்துக்கொண்டு, தேவையான இடத்தில் இந்தியாவின் சிறிய அனுபவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில், ஏன் கொடுக்கிறார்கள்?

நட்பு, ஜனநாயகம், கூட்டாளியின் பாதுகாப்பு என்று மேடையில் சொல்லப்படும் காரணங்கள் பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் பணத்துக்கு ஒப்புதல் வாங்கித் தருபவை இன்னும் கெட்டியான காரணங்கள்.

பணம் நாட்டைவிட்டு வெளியே போவதில்லை என்பது முதல் காரணம். அமெரிக்க ராணுவ மானியத்தைப் பெறும் நாடு அதைப் பொதுவாக அமெரிக்கத் தயாரிப்புகளை வாங்கத்தான் செலவழிக்க முடியும். இஸ்ரேலுக்கு மட்டும் நெடுங்காலம் ஒரு விலக்கு இருந்தது: மானியத்தில் ஏறத்தாழ 26 சதவீதத்தைத் தன் சொந்தத் தொழிற்சாலைகளில் செலவழித்துக்கொள்ளலாம். 2016இல் கையெழுத்தான பத்தாண்டு ஒப்பந்தம் அந்தச் சலுகையைப் படிப்படியாகக் குறைத்து 2028க்குள் இல்லாமல் ஆக்குகிறது. ஒஹையோ மாநிலத்தின் லைமா நகரில் ஒரு டாங்கி ஆலை இருக்கிறது. அமெரிக்க ராணுவத்துக்கே புது டாங்கி தேவைப்படாத ஆண்டுகளில், அந்த ஆலையின் வேலை நிற்காமல் ஓட வெளிநாட்டு ஆர்டர்கள் உதவின. தடித்த கவசத் தகட்டைப் பற்றவைக்கத் தெரிந்த தொழிலாளி ஒருமுறை வேறு வேலைக்குப் போய்விட்டால் திரும்ப வரமாட்டார். புது ஆளைப் பழக்க ஆண்டுக்கணக்காகும். எனவே வெளிநாட்டுக்குப் போகும் மானியம், உள்நாட்டில் ஆலையைச் சூடாக வைத்திருக்கும் செலவும்கூட.

இரண்டாவது, போரில்லாமல் இருப்பதற்கான விலை. 1979 மார்ச்சில் எகிப்தும் இஸ்ரேலும் அமைதி உடன்படிக்கை செய்துகொண்டன. 1987 முதல் எகிப்துக்கு ஆண்டுக்கு 130 கோடி டாலர் ராணுவ மானியம் போய்க்கொண்டிருக்கிறது. அந்த எல்லையில் இன்னொரு பெரும்போர் வரவில்லை. அமெரிக்கப் போர்க்கப்பல்களுக்குச் சூயஸ் கால்வாயில் முன்னுரிமையோடு வழி கிடைக்கிறது.

மூன்றாவது, தன் சிப்பாய் ஒருவரைக்கூட அனுப்பாமல் எதிராளியின் பலத்தைக் குறைப்பது. உக்ரைன் இதற்கு உதாரணம். நான்காவது காரணத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை: உதிரி பாகம். ஒரு நாட்டின் விமானப்படை அமெரிக்க விமானத்தில் பறக்கத் தொடங்கிவிட்டால் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு எஞ்சின், டயர், மென்பொருள், பயிற்சி எல்லாவற்றுக்கும் அமெரிக்காவின் கையைப் பார்த்தே இருக்க வேண்டும். கொடுத்தவருக்கு அது கடிவாளம்.

இதற்கெல்லாம் விலை உண்டு. 1973 அக்டோபர் போரில் அமெரிக்கா ஒரு மாதத்தில் சுமார் 22,300 டன் தளவாடங்களை விமானத்தில் இஸ்ரேலுக்குக் கொண்டுபோய் இறக்கியது. ஐரோப்பிய நட்பு நாடுகள் பெரும்பாலும் தங்கள் தளங்களைத் தர மறுத்தன. போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவில் இருந்த லாஜெஸ் தளம் மட்டும் கிடைத்திராவிட்டால் அந்த விமானங்கள் எரிபொருள் நிரப்ப இடமில்லாமல் திண்டாடியிருக்கும். அக்டோபர் 19 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் இஸ்ரேலுக்காக 220 கோடி டாலர் கேட்டார். மறுநாளே சவூதி அரேபியா அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியது. பீப்பாய்க்கு சுமார் 3 டாலராக இருந்த எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. போரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஏழை நாடுகளும் அந்த விலையைக் கட்டின.

கிடங்கைத் திறந்துவிடுவது

அவசரத்துக்கு இதைவிட வேகமான வழி கிடையாது. 1961ஆம் ஆண்டு வெளிநாட்டு உதவிச் சட்டத்தின் 506ஆம் பிரிவு, அதிபர் கையெழுத்திட்டதும் ராணுவத்தின் சொந்தக் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுக்க அனுமதிக்கிறது. டெண்டர் வேண்டாம், ஆலையில் வரிசையில் நிற்க வேண்டாம். பொருள் சில நாட்களில் விமானத்தில் ஏறிவிடும். இதற்கான வழக்கமான உச்சவரம்பு ஆண்டுக்கு 10 கோடி டாலர். உக்ரைனுக்காக 2022 நிதியாண்டில் அதை 1,100 கோடிக்கும், 2023இல் 1,450 கோடிக்கும் ஏற்றினார்கள். 2021 ஆகஸ்டிலிருந்து 55 முறை இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி சுமார் 3,170 கோடி டாலர் பெறுமான ஆயுதங்கள் உக்ரைனுக்குப் போயின.

இதில் சறுக்கும் இடங்கள் மூன்று.

ஒன்று, எடுத்துக் கொடுக்க அதிகாரம் இருப்பது வேறு, எடுத்த இடத்தை நிரப்பப் பணம் இருப்பது வேறு. 2023 டிசம்பர் இறுதியில் அமெரிக்காவுக்கு இன்னும் 400 கோடி டாலருக்கு மேல் எடுத்துக் கொடுக்கும் அதிகாரம் மிச்சமிருந்தது. ஆனால் கிடங்கை மறுபடி நிரப்பும் பணம் தீர்ந்துவிட்டது. சொந்தக் கிடங்கைக் காலியாக்க அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் துணியவில்லை. அனுப்புவது ஏறக்குறைய நின்றுபோனது. 2024 பிப்ரவரி 17 அன்று குண்டுத் தட்டுப்பாட்டோடு போராடிய உக்ரைன் படை கிழக்கிலுள்ள அவ்தீவ்கா நகரை விட்டு வெளியேறியது. புதிய நிதிச் சட்டம் ஏப்ரல் 24 அன்றுதான் கையெழுத்தானது.

இரண்டு, விலை மதிப்பிடுவது. பத்தாண்டு ஓடிய வண்டியைக் கொடுத்தால் கணக்கில் என்ன விலை எழுதுவது? இன்று புதிதாக வாங்க ஆகும் விலையா, தேய்மானம் கழித்த விலையா? முதலாவதை எழுதி வந்த பென்டகன், 2023 ஜூனில் அது தவறு என்று ஒப்புக்கொண்டு 620 கோடி டாலர் கூடுதலாக மதிப்பிட்டுவிட்டதாகச் சொன்னது. ஒரு ரூபாய்கூடப் புதிதாக ஒதுக்காமல் அத்தனைக்கும் இன்னும் ஆயுதம் அனுப்ப இடம் கிடைத்தது. உதவித் தொகையாக அறிவிக்கப்படும் எந்த எண்ணையும் படிக்கும்போது, அது எந்த முறையில் போட்ட விலை என்று கேட்பது இதனால்தான் அவசியம்.

மூன்றாவது பெரியது: கிடங்கு எவ்வளவு ஆழம் என்பது. ஒரே ஒரு 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டை எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 47 கிலோ. உள்ளே ஏறக்குறைய 11 கிலோ டிஎன்டி வெடிமருந்து. பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் ஆலையில் எஃகுக் கட்டியைத் துண்டாக்கி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு, செக்கச் சிவந்த நிலையில் அழுத்தி நீட்டி, மூக்கைக் குறுக்கிக் கடைந்து வெற்று உடலைச் செய்கிறார்கள். அது அயோவாவில் உள்ள இன்னோர் ஆலைக்கு ரயிலோ லாரியோ ஏறிப்போய், உருக்கிய வெடிமருந்தை ஊற்றிக்கொண்டு, உள்ளே குமிழி இல்லாமல் மெதுவாகக் குளிரவேண்டும். குமிழி இருந்தால் குண்டு பீரங்கிக் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடும். முனையில் பொருத்தும் வெடிதூண்டியும் பின்னாலிருந்து தள்ளும் உந்துமருந்தும் வேறு இடங்களிலிருந்து வரும். இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் குண்டு இல்லை. அமெரிக்கா 1980களின் நடுவிலேயே டிஎன்டி தயாரிப்பை நிறுத்திவிட்டது. போலந்து போன்ற வெளிநாடுகளிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. கென்டக்கியில் புதிய டிஎன்டி ஆலைக்கு 2024 நவம்பரில்தான் ஒப்பந்தம் போட்டார்கள்.

போர் தொடங்கும் முன் அமெரிக்கா மாதத்துக்கு ஏறத்தாழ 14,000 குண்டுகள் செய்துகொண்டிருந்தது. 2022 கோடையில் உக்ரைன் ஒரு நாளைக்கு 6,000 குண்டுகள்வரை சுட்டது. ஒரு மாத உற்பத்தி மூன்று நாள் காணாது. அதனால்தான் இஸ்ரேலில் அமெரிக்கா தன் அவசரத்துக்கென்று வைத்திருந்த கிடங்கிலிருந்துகூட எடுத்து அனுப்ப வேண்டிவந்தது. மொத்தத்தில் 30 லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது. இத்தனைக்கும் இந்தக் குண்டு ஓரளவு எளிய பொருள். தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர் ஏவுகணையை அமெரிக்க ராணுவம் பதினெட்டு ஆண்டுகளாகப் புதிதாக வாங்கியிருக்கவே இல்லை. மறுபடி செய்யப் போனபோது அதன் சில மின்னணுப் பாகங்கள் சந்தையிலேயே இல்லை. அவற்றைத் திரும்ப வடிவமைக்க வேண்டியிருந்தது.

கிடங்கைத் திறக்கும் அதே நாளில் ஆலைக்கு மாற்று ஆர்டரும் கையெழுத்தாக வேண்டும். அப்படிச் செய்யாத கிடங்கு உதவி முதல் ஆறு மாதம் அற்புதமாக இருக்கும், அதன்பிறகு வறண்டுவிடும்.

மானியம்: ஒரே வழி, இரண்டு முடிவுகள்

இஸ்ரேலுக்கு 2019 முதல் 2028 வரையிலான பத்து நிதியாண்டுகளுக்கு 3,800 கோடி டாலர். ஆண்டுக்கு 330 கோடி ராணுவ மானியம், 50 கோடி ஏவுகணைத் தடுப்புக்கு. மற்ற நாடுகளுக்கு இல்லாத சலுகை ஒன்று இதில் உண்டு. நிதிச் சட்டம் கையெழுத்தான முப்பது நாட்களுக்குள் முழுத்தொகையும் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் வட்டி தரும் கணக்கில் போடப்படுகிறது. அடுத்த பத்தாண்டு நிச்சயம் என்பதால் எஃப்-35 போர் விமானம் போன்ற நீண்டகால ஆர்டர்களை இஸ்ரேல் தைரியமாகக் கொடுக்க முடிகிறது. அண்டை நாடுகளுக்கு அமெரிக்கா எதை விற்றாலும் இஸ்ரேலின் தர மேன்மை குறையக் கூடாது என்பது 2008 முதல் சட்டமாகவே இருக்கிறது. மத்திய கிழக்கில் ஒரு நாட்டுக்குத் தருவது, பக்கத்து நாட்டுக்கு என்ன விற்கலாம் என்பதையும் தானே தீர்மானித்துவிடுகிறது.

எகிப்தின் கதை வேறு. கெய்ரோவுக்கு அருகிலுள்ள ஓர் ஆலையில் அமெரிக்கப் பாகங்களைப் பொருத்தி ஆயிரத்துக்கும் மேற்பட்ட எம்1ஏ1 டாங்கிகள் உருவாயின. பாலைவனத்தில் பெரும் டாங்கிப் போருக்கான படை அது. சினாய் தீபகற்பத்தில் எகிப்து உண்மையில் எதிர்கொண்டதோ சாலையோரக் குண்டும் சிறு ஆயுதக் குழுக்களும். எல்லைக் காவலுக்கும் உளவுக்கும் வேண்டிய கருவிகளை விட்டு, பெருமை தரும் பெரிய ஆயுதங்களுக்கே பணம் போனது. பெறுபவருக்கு ராணுவ அணிவகுப்பில் காட்ட ஒன்று, தருபவரின் ஆலைக்கு ஆர்டர் ஒன்று. இருவருக்கும் வசதியாக இருந்ததால் யாரும் மாற்ற அவசரப்படவில்லை.

மானியத்தை நிறுத்திக் கொடுப்பவர் சொல்வதைக் கேட்க வைக்கலாம் என்ற நம்பிக்கையும் எகிப்தில் சோதிக்கப்பட்டது. 2013இல் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின் அக்டோபரில் எஃப்-16 போர் விமானம், அப்பாச்சி ஹெலிகாப்டர், டாங்கிப் பாகங்கள் ஆகியவற்றை ஒபாமா நிறுத்திவைத்தார். 2015 பிப்ரவரியில் எகிப்து பிரான்ஸிடம் 24 ரஃபேல் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. மார்ச் மாதமே ஒபாமா தடையை நீக்கினார். வேறு கடை திறந்திருக்கும்போது கடிவாளம் இழுபடாது.

ஓய்வுபெற்ற தளவாடம்

இலங்கைக் கடற்படையின் கஜபாகு கப்பல், 1968இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையில் சேர்ந்த ஷெர்மன்தான். அரை நூற்றாண்டு ஓடி ஓய்வுபெற்று, 2018 ஆகஸ்டில் இலங்கையிடம் வந்தது. 115 மீட்டர் நீளம், ஆழ்கடலில் வாரக்கணக்கில் ரோந்து போகக்கூடியது. புதிதாகக் கட்டினால் இலங்கை நினைத்துப் பார்க்க முடியாத செலவு.

இப்படித் தரப்படுபவை "இருக்கும் நிலையில், இருக்கும் இடத்தில்" என்ற நிபந்தனையோடு வருகின்றன. பழுதுபார்க்கும் செலவு, மாலுமிகளைக் கூட்டிப்போய்ப் பயிற்சி தரும் செலவு, பெருங்கடலைக் கடந்து ஓட்டிவரும் எரிபொருள் எல்லாம் பெறுபவர் தலையில். கப்பலை விட அதன் எஞ்சினுக்குப் பாகம் கிடைக்குமா என்பதே முதல் கேள்வி. இந்தக் கப்பலில் இரண்டு டீசல் எஞ்சின்களும் இரண்டு எரிவாயுச் சுழலிகளும் இருக்கின்றன. ஐம்பது ஆண்டு வயதான சுழலிக்குப் பாகம் தேடுவது கப்பலை வாங்குவதைவிடக் கடினம். அதே வகைக் கப்பல் இன்னொன்று பின்னர் விஜயபாகு என்ற பெயரில் இலங்கைக்கு வந்தது நல்ல முடிவு: ஒரே ரகமாக இருந்தால் பயிற்சியும் பாகமும் பொதுவாகும். இந்தியா 2023 ஜூலையில் ஐஎன்எஸ் கிர்பான் போர்க்கப்பலை அதன் ஆயுதங்களோடு சேர்த்து வியட்நாமுக்குக் கொடுத்தபோதும் இதே கணக்குதான். முப்பத்திரண்டு ஆண்டு உழைத்த கப்பல், இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு ஓட வேண்டுமென்றால் கொடுத்தவர் கூடவே நிற்கவேண்டும்.

கடன்

கடன் என்றதும் நினைவுக்கு வருவது 1941 மார்ச் 11 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட லென்ட்-லீஸ் சட்டம். பிரிட்டனிடம் ரொக்கம் தீர்ந்துபோயிருந்தது, ரொக்கம் கொடுத்தால்தான் ஆயுதம் என்று அமெரிக்கச் சட்டம் சொன்னது. அந்த முடிச்சை அவிழ்க்கப் பிறந்த ஏற்பாடு இது. மொத்தம் சுமார் 5,000 கோடி டாலர் பெறுமானம். அதில் 3,100 கோடி பிரிட்டனுக்கும் அதன் பேரரசுக்கும், 1,100 கோடி சோவியத்துக்கும். சோவியத்துக்குப் போனதில் போரின் போக்கைத் தொட்டது டாங்கியைவிட லாரி: ஏறக்குறைய நாலு லட்சம் லாரிகளும் ஜீப்களும். அவற்றோடு உணவு, டயர், ரயில் எஞ்சின், தொலைபேசிக் கம்பி. சோவியத் ஆலைகள் டாங்கியில் கவனம் செலுத்த முடிந்தது அதனால்தான். எதைத் தன்னால் செய்ய முடியுமோ அதை நண்பன் செய்யட்டும், அவனால் முடியாததை நாம் கொடுப்போம் என்ற கணக்கு. பின்னாட்களில் பலர் மறந்த பாடம் இது.

பெயர்தான் கடன், பெரும்பகுதி திரும்பி வரவில்லை, வரவேண்டும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. போர் முடிந்ததும் 1945 செப்டம்பரில் திடீரென்று நிறுத்தினார்கள். வழியில் இருந்த பொருள்களை டாலருக்குப் பத்து சென்ட் வீதம் பிரிட்டனுக்குக் கொடுத்தார்கள். பிரிட்டன் 1946இல் 2 சதவீத வட்டிக்கு 375 கோடி டாலர் புதுக்கடன் வாங்கி, 2006 டிசம்பரில்தான் கட்டி முடித்தது. வெற்றி பெற்ற நாட்டுக்கு அந்தக் கடனைத் தீர்க்க அறுபது ஆண்டு ஆயிற்று.

2022 மே மாதம் உக்ரைனுக்காக அதே பெயரில் ஒரு சட்டம் வந்தது. 2023 செப்டம்பர் கடைசியில் காலாவதியானது. ஒருமுறைகூடப் பயன்படவில்லை. இலவசமாகத் தரும் கிடங்கு வழி திறந்திருக்க, திருப்பிக் கட்ட வேண்டிய வழியை யாரும் எடுக்கவில்லை. போரில் வருமானம் இழக்கும் நாட்டுக்குக் கடன் பொருந்தாது. அமைதியாக இருந்து மெல்ல வலுப்பெறும் நாட்டுக்குப் பொருந்தும்.

அதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. வியட்நாமுக்கு இந்தியா 2014இல் அறிவித்த 10 கோடி டாலர் கடனில் பன்னிரண்டு அதிவேக ரோந்துப் படகுகள் செய்ய முடிவானது. ஐந்து படகுகள் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் உள்ள எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்தில் உருவாயின. மீதி ஏழு வியட்நாமின் ஹாங் ஹா தளத்தில். 2022 ஜூனில் பன்னிரண்டும் ஒப்படைக்கப்பட்டன. எட்டு ஆண்டு நீளம் என்பது குறைதான். ஆனால் ஏழு படகுகளை அங்கேயே கட்டியதால், எங்கே தட்டினால் எது கழலும் என்று வியட்நாம் தொழிலாளிக்குத் தெரியும். அடியில் ஓட்டை விழுந்தால் காட்டுப்பள்ளிக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. தொகை சிறியது, ஏற்பாடு உறுதியானது.

விற்பனை

வசதியான நண்பனுக்கு விற்பது நேரானது: அவன் கேட்கிறான், அமெரிக்க அரசு நாடாளுமன்றத்துக்கு அறிவிக்கிறது, பிறகு விலைக் கடிதம் தருகிறது, அவன் முன்பணம் கட்டுகிறான், ஆலை செய்கிறது. நேட்டோ நாடுகளுக்கும் ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற சிலவற்றுக்கும் 15 நாள் அறிவிப்பு, மற்றவர்களுக்கு 30 நாள். கடினம் அதற்குப் பிறகு. தைவானுக்கு 66 எஃப்-16 விமானங்களை விற்க 2019 ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்தது. முதல் விமானத்தைத் தென் கரோலினாவின் கிரீன்வில் ஆலையில் 2025 மார்ச்சில்தான் காட்டினார்கள். காசு கட்டியவன் வரிசையில் நிற்கிறான். ஆபத்து வரிசையில் நிற்காது.

காசு கட்டியும் பொருள் வராமல் போகலாம். பாகிஸ்தான் 28 எஃப்-16 விமானங்களுக்குப் பணம் கட்டியிருந்தது. அணுகுண்டுத் திட்டத்தின் காரணமாக 1990 அக்டோபரில், ராணுவ உதவியையும் விற்பனையையும் தடுக்கும் பிரெஸ்லர் சட்டத்திருத்தம் அமலுக்கு வந்தது. விமானங்கள் அரிசோனா பாலைவனத்தில் நிறுத்தப்பட்டன. 1998இல்தான் கொஞ்சம் ரொக்கமாகவும் கொஞ்சம் கோதுமை முதலிய பொருளாகவும் கணக்குத் தீர்ந்தது. அமெரிக்காவை நம்ப முடியாது என்ற எண்ணம் பாகிஸ்தான் ராணுவத்தில் ஒரு தலைமுறைக்கு வேரூன்றியது. சட்டப்படி எடுத்த முடிவுதான். ஆனால் பணத்தையும் விமானத்தையும் எட்டு ஆண்டு இழுத்தடித்ததற்குக் காரணம் சொல்ல முடியாது.

சொந்தப் படை

தென்கொரியாவில் 28,500 அமெரிக்கப் படையினர் இருக்கிறார்கள். ஆறு வழிகளில் இதுவே கெட்டியான வாக்குறுதி. முதல் நாளிலேயே அமெரிக்கர் சாவார் என்பது எதிரிக்குத் தெரியும். செலவைப் பகிர்ந்துகொள்ள 2026ஆம் ஆண்டுக்குத் தென்கொரியா ஒப்புக்கொண்டது சுமார் 1.52 லட்சம் கோடி வோன். இந்த வழியில் நுழைவது எளிது, வெளியேறுவது கடினம். 1950இல் தொடங்கியது இன்றும் முடியவில்லை.

எல்லா வழியிலும் தவறும் இடங்கள்

பராமரிப்பு. ஆப்கானியப் படைக்கு அமெரிக்கா 20 ஆண்டுகளில் 8,800 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. ஆப்கானிய விமானிகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் நன்றாகத் தெரிந்தது ரஷ்யத் தயாரிப்பான எம்ஐ-17 ஹெலிகாப்டர். முரட்டுத்தனமானது, அந்த மலைக்காற்றுக்குப் பழகியது. அதை விலக்கி அமெரிக்க பிளாக் ஹாக்கைக் கொடுத்தார்கள். அதைப் பராமரித்தது ஏறக்குறைய முழுக்க வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள். 2021 கோடையில் அவர்கள் கிளம்பியதும் ஹெலிகாப்டர்கள் ஒவ்வொன்றாகத் தரையில் நின்றன. காயம்பட்டவரைத் தூக்கவும் முற்றுகையில் இருந்த காவல்நிலையத்துக்குக் குண்டு கொண்டுபோகவும் வழியில்லாதபோது படை உடைந்தது. ஆப்கான் படையிடம் அப்போது இருந்த அமெரிக்கத் தளவாடத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். அந்தச் சிப்பாய்களைக் கோழைகள் என்று சொன்னவர்கள் இந்தப் பராமரிப்புக் கணக்கைப் பார்த்திருக்கவேண்டும்.

மூன்றாம் நாட்டின் அனுமதி. ஜெர்மனி உக்ரைனுக்குக் கெபார்ட் விமான எதிர்ப்பு வண்டிகளைக் கொடுத்தது. அதற்கான 35 மில்லிமீட்டர் குண்டு சுவிட்சர்லாந்தில் தயாரானது. நடுநிலை நாடான சுவிட்சர்லாந்து அதை உக்ரைனுக்கு மாற்ற அனுமதி மறுத்தது. ஜெர்மனி தன் மண்ணில் புதிதாக உற்பத்தி தொடங்க வேண்டியதாயிற்று. வண்டி நம்முடையது, குண்டு அடுத்தவருடையது என்றால் அது முழு உதவி ஆகாது.

கணக்கு வைப்பது. இரவுநோக்குக் கருவி, ஸ்டிங்கர், டாங்கியைத் தாக்கும் ஜாவ்லின் ஏவுகணை போன்று கைமாறினால் ஆபத்தான பொருள்களை வரிசை எண்ணோடு சரிபார்க்க வேண்டும் என்பது விதி. 2024 ஜனவரியில் பென்டகனின் தலைமைத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கைப்படி, உக்ரைனுக்குப் போன அத்தகைய 169 கோடி டாலர் பொருள்களில் 100 கோடிக்கு மேற்பட்டவற்றின் எண் சரிபார்ப்பு உரிய காலத்தில் நடக்கவில்லை. திருடுபோனது என்று அர்த்தமில்லை. போர்முனையில் பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி போய் எண் பார்க்க ஆள் இல்லை.

கொடுத்தது வேறு பக்கம் திரும்புவது. 1954இல் பாகிஸ்தானுடன் ராணுவ ஒப்பந்தம் போடும்போது அமெரிக்க அதிபர் ஐசனோவர் நேருவுக்குக் கடிதம் எழுதி, இந்த ஆயுதம் இந்தியாவுக்கு எதிரானதல்ல என்று உறுதியளித்தார். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம் கரண் அருகே அசல் உத்தர் வயல்களில் அந்த அமெரிக்கப் பட்டன் டாங்கிகள்தான் வந்து நின்றன. நீர் பாய்ச்சிய கரும்பு வயல்களில் சிக்கிக்கொண்ட அவற்றை இந்தியப் படை அடித்து நொறுக்கியது. அமெரிக்கா இருதரப்புக்கும் ஆயுதத்தை நிறுத்தியது. பாகிஸ்தான் சீனாவிடம் போனது, இந்தியா சோவியத்தை இன்னும் நெருங்கியது. கொடுத்த உறுதிமொழியால் அதைத் தடுக்க முடியவில்லை.

அப்படியானால் எதைத் தேர்வது?

எதிரி எல்லைக்குள் நுழைந்துவிட்டான் என்றால் யோசிக்க இடமில்லை, கிடங்குதான். ஆனால் அனுப்பப்படுவது அந்தப் படைக்கு ஏற்கெனவே பழக்கமானதாக இருக்கவேண்டும், கிடங்கை நிரப்பும் பணமும் அதே சட்டத்தில் சேர்ந்தே வரவேண்டும். பத்தாண்டுக்கு நிற்கும் ஆபத்து என்றால் மானியம், ஆனால் நண்பன் உண்மையில் எதிர்கொள்ளும் ஆபத்தைப் பட்டியலிட்டு அதற்கேற்ற கருவிக்கு மட்டும். எகிப்தின் டாங்கிகளை எண்ணிப் பார்த்தால் இந்த நிபந்தனை ஏன் என்று புரியும். கடலோரக் காவல், மீட்பு, கடத்தல் தடுப்பு போன்ற வேலைகளுக்குப் பழைய கப்பல் போதும், கூடவே ஐந்தாண்டுக்கான பாகங்களை எழுதிக் கொடுத்தால். வருமானமும் கப்பல் தளமும் உள்ள நாட்டுக்கு, பாதியை அங்கேயே கட்டும் கடன். பணக்கார நாட்டுக்கு விற்பனை, தாமதத்துக்கு ஆலையே அபராதம் கட்டும் நிபந்தனையோடு. சொந்தப் படையை அனுப்புவது, ஐம்பது ஆண்டு இருக்கத் தயாரென்றால் மட்டும்.

வழிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறவும் செய்கின்றன. 2022 டிசம்பரில் உக்ரைனுக்கு முதல் பேட்ரியட் வான்காப்பு அமைப்பை அமெரிக்கா தன் கிடங்கிலிருந்து இலவசமாகக் கொடுப்பதாக அறிவித்தது. 2025 மார்ச் 3 அன்று எல்லா ராணுவ உதவியையும் நிறுத்தியது, எட்டு நாள் கழித்து மறுபடி திறந்தது. அந்த ஆண்டு ஜூலையில் புதிய ஏற்பாடு வந்தது: உக்ரைன் பட்டியல் தரும், அமெரிக்கா பொருள் தரும், ஐரோப்பிய நாடுகளும் கனடாவும் காசு கட்டும். ஆகஸ்டில் நெதர்லாந்து 50 கோடி யூரோ கொடுத்து முதல் தொகுப்பை எடுத்தது. அதில் பேட்ரியட் ஏவுகணைகளும் அந்த அமைப்புக்கான பாகங்களும் இருந்தன.